நிற்பதற்கான சாமான்

ஜனவரி 7, 1994

இந்த டைரி டயர் கடையில் இனாமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எந்த டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. மனுஷருக்கு எவ்வளவு என்று போடவில்லை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் லாரி உரிமையாளர் சங்கத்துக்கு இது வெள்ளி விழா ஆண்டு. வருகிற 26ஆம் தேதி சங்கக் கட்டிடத்தில் ஒரு கண்காட்சி. நம் பக்கத்துச் சாலைகளும் வண்டிகளும் எப்படி மாறின என்பதை, புழங்கிய சாமான்களைக் கொண்டே காட்டுவது. யோசனை என்னுடையது. செயலாளர் சென்னியப்பண்ணன் பொறுப்பையும் என் தலையிலேயே கட்டிவிட்டார். திருச்செங்கோட்டில் லாரி வைத்திருக்கும் வீடுகளில் சரித்திரத்தில் பி.ஏ. முடித்தவள் நான் ஒருத்திதானாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பட்டத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருக்கிறது. அதை மறைப்பானேன்?

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். காயலான் கடைக்குப் போக வேண்டியதற்கெல்லாம் ரிப்பன் வெட்டப் போகிறீர்களா என்றார். இருப்பது ஒரே லாரி, அதையும் அவரேதான் ஓட்டுகிறார். குழந்தைவேல் என்ற பெயரைவிட வண்டி நம்பரைச் சொன்னால்தான் ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அவருக்குச் சரித்திரம் என்றால் போன தடவை டயர் மாற்றிய தேதி.

ஜனவரி 9

சாமான்கள் வரத் தொடங்கிவிட்டன. பம்பரில் தொங்கவிடும் கான்வாஸ் தண்ணீர்ப் பை ஒன்று. ரேடியேட்டருக்கும் அதே தண்ணீர், டிரைவர் தொண்டைக்கும் அதே தண்ணீர். ரப்பர் உருண்டை வைத்த பித்தளை ஹாரன். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து அந்த வாயுவில் பஸ் ஓட்டினார்களே, அந்தக் கரி உலையின் மூடி. ஏற்றம் வந்தால் ஆண்களெல்லாம் இறங்கித் தள்ள வேண்டுமாம். டிக்கெட் வாங்கியவன் தள்ளுவான், வாங்காத மாடு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் என்று கொண்டுவந்தவர் சொன்னார்.

முன்பக்கம் செருகிச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பும் ஹேண்டில் வந்திருக்கிறது. கூடவே அதைச் சுழற்றி மணிக்கட்டு ஒடிந்த மனிதரும் வந்திருந்தார். இன்றைக்கும் கை கோணலாகத்தான் இருக்கிறது. "ஈரோடு 11" என்று மைல் கணக்கில் வெட்டிய கல் ஒரு வீட்டில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. கிலோமீட்டர் வந்தபோது பிடுங்கிப் போட்டதை யாரோ தூக்கிவந்துவிட்டார்கள். அந்த வீட்டம்மாள் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. கிளம்புவதற்குச் சாமான் இருக்கிறது, ஓடுவதற்கு இருக்கிறது, ஊதுவதற்கு இருக்கிறது. நிற்பதற்கான சாமான் ஒன்றுகூட இல்லை.

எங்கள் லாரியில் ஒன்று இருக்கிறது. டயருக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை. சங்ககிரி ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டிய புளியமரத்தில் மாமனார் தன் முதல் வண்டிக்காகச் செய்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்று வண்டி மாறியும் கட்டை மாறவில்லை. ரோட்டுக்கு நிழல் கொடுத்த மரம் அதே ரோட்டில் வண்டியை நிறுத்துகிறது. அட்டையில் இதை எழுதினால் படிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

ஜனவரி 10

இரண்டாவது தோசையைப் போட்டுவிட்டு, முகம் பார்த்துத்தான் கேட்டேன். பத்து நாளைக்குக் கட்டையைக் கொடுங்கள், அதுவரை வேறொன்றை வைத்துக்கொள்ளலாம் என்றேன். சாப்பிடும் கை நின்றுவிட்டது.

"இத பாரு துளசி. செத்த சாமானுக்கு அட்டை எழுது, நான் ஒண்ணுஞ் சொல்லல. அது உசுரோட இருக்கற சாமான். மலைல அத நம்பித்தான் மாரப்பன் வண்டிக்குப் பின்னால நிக்கறான்."

மாரப்பன் எங்கள் கிளீனர். கிளீனர் என்றதும் பொடியன் என்று நினைக்க வேண்டாம். முப்பத்தைந்து வயது, மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது, பதினோரு வருஷமாக எங்களோடு இருக்கிறான். பாரத்தோடு மலை ஏறும் வண்டி வழியில் நின்றால் எங்கள் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. மாரப்பன் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுப்பான். சித்திரையிலிருந்து அவனை டிரைவராகப் போட்டுவிட்டு இவர் ஓய்வெடுப்பதாகப் பேச்சு. லைசென்ஸ்கூட வாங்கி வைத்திருக்கிறான்.

ஒரு மரக்கட்டைக்கு இத்தனை பேச்சா என்று இருந்தது. மூன்றாவது தோசையைப் போட்டேன்.

ஜனவரி 11

ஆசாரியைப் பார்க்கப் போனேன். கண்காட்சிக்கு மேசை பற்றி. வேறு ஒன்றுமில்லை.

ஜனவரி 13

போகி. ஊரே பழசை எரித்துக்கொண்டிருக்கிறது, நான் புதுசைப் பழசாக்கிக்கொண்டிருந்தேன்.

சரி, எழுதித்தான் விடுகிறேன். வண்டியில் கொக்கியில் தொங்குகிற கட்டையைக் கயிற்றால் அளந்து, அதே மாதிரி ஒன்று ஆசாரியிடம் செய்து வாங்கினேன். புளியங்கட்டை உடனே கிடைக்காதாம், மாங்கட்டையில் செய்திருக்கிறார். கனம் பாதிதான் இருக்கும். பழைய இன்ஜின் ஆயிலை எல்லாப் பக்கமும் மூன்று தரம் பூசி வெயிலில் வைத்தேன். கறுப்பு அப்படியே வந்துவிட்டது. மாமனாரே எழுந்து வந்தாலும் எது எது என்று சொல்ல முடியாது.

கட்டை என்றால் கட்டை. சக்கரத்துக்கு அடியில் கிடக்கப் போகிறது. இதில் மாமரமென்ன, புளியமரமென்ன? காயலான் சாமான் பார்க்க அவர் விழாவுக்கு வரப்போவதில்லை. 26ஆம் தேதி முடிந்ததும் மாற்றி வைத்துவிடுவேன், அவருக்குத் தெரியவே தெரியாது.

ஜனவரி 18

நேற்று சிமெண்ட் ஏற்றிவந்து இன்று விடிந்ததும் கிளம்பினார்கள். திம்பம் மலை ஏறிச் சாம்ராஜ்நகர். திரும்பும்போது கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம்.

அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கட்டையை மாற்றினேன். மாரப்பன் டீ குடிக்கப் போயிருந்தான். பழையதைத் தூக்குவதற்குள் இடுப்பு போய்விட்டது, முந்தானையில் சுற்றித் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன், கற்பூரம் காட்டினேன், எல்லாம் எப்போதும்போல. மாரப்பன் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றிக் கயிறு, தார்ப்பாய், கட்டை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான். கையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டான். பிறகு ஏறிக்கொண்டான்.

சாயங்காலம் பழைய கட்டையைச் சங்கத்துக்குக் கொண்டுபோய்த் துடைத்தேன். ஒரு விசேஷம். மேலெல்லாம் கறுப்பு, ஆனால் தரையில் படுகிற பக்கத்தில் மட்டும் எண்ணெய் துளிகூட இல்லை. ரம்பத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறி, நடுவில் பழைய டயர் ரப்பரை வைத்து ஆணி அடித்திருக்கிறது. கீறல்கள் சமீபத்தில் போட்டவை. தொங்கும்போது அந்தப் பக்கம் வண்டியை ஒட்டி இருக்கும், அதனால் நான் பார்த்ததில்லை. ஆசாரியிடமும் சொல்லவில்லை. பார்க்க லட்சணமாக இல்லாததால் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

மலை ஏறியதும் சங்கத்துக்குப் போன் செய்வார். அது வழக்கம். விளக்கு வைத்து வெகுநேரம் வரை காத்திருந்தேன், வரவில்லை. லைன் கிடைத்திருக்காது என்று சென்னியப்பண்ணன் சொல்லிப் பூட்டைப் போட்டார்.

எண்ணெய்க் கையோடு பாத்திரம் கழுவினால் வழுக்கும். இது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது?

ஜனவரி 19

காலையில் சங்கத்தைத் திறக்கும்போதே போய்விட்டேன். போன் இருக்கிற மேசையருகில் நாற்காலியைப் போட்டு அட்டை எழுதினேன். கரி உலைக்கு எழுதிய அட்டையில் "பெட்ரோல்" என்று எழுத வேண்டிய இடத்தில் "திம்பம்" என்று எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

மாரப்பன் பெண்சாதி சரோஜா தறிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். அவர்களிடமிருந்து ஏதாவது சேதி வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் கட்டையருகே வந்ததும் குனிந்தாள். கேட்காமலே அதைப் புரட்டினாள்.

"ஏனுங்க்கா, இது எங்கூட்டுக்காரரு போட்ட கீறலுங்களே. மாசத்துக்கு ஒருக்கா ஊட்டுக்கு எடுத்தாந்து ரம்பத்துல கீறுவாரு. வண்டில இல்லீங்களா இது?"

"இது வேற. பழசு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். நல்லவேளை, போன் அடித்தது என்று அந்த நொடியில் நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதவே கூசுகிறது.

அவர்தான். குரல் அவருடையது மாதிரியே இல்லை. நேற்று மத்தியானம் மலையில், கொண்டை ஊசி வளைவில், எதிரே பஸ் வந்து நிறுத்தியிருக்கிறார். மாரப்பன் இறங்கிக் கட்டை கொடுத்திருக்கிறான். கட்டை நழுவி வண்டி பின்னால் வந்துவிட்டது. கட்டையைக் காலால் அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தவனின் வலது பாதத்தில் சக்கரம் ஏறிவிட்டது. தடுப்புச் சுவரில் முட்டி வண்டி நின்றிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மாரப்பனை ஒரு காரில் ஏற்றி ஈரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். பாதத்தைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

"சரோஜாவக் கூட்டிட்டு வா," என்றார். பிறகு, "கட்டைய ஒழுங்கா வெக்கலியே துளசி. பதினோரு வருசமா வெக்கறவன்," என்றார்.

சரோஜா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

ஜனவரி 20

பஸ்ஸில் சரோஜா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். கட்டையைப் பற்றிக் கேட்பாள் கேட்பாள் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிக்கெட்டை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

மாரப்பனுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. காலில் பெரிய கட்டு. வீட்டுக்காரர் கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார், அவனைப் பார்க்காமல் மருந்துப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு. அவருக்கு அவன்மேல் கோபமும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. எதைக் காட்டுவது என்று தெரியவில்லை.

மாரப்பன் என்னிடம்தான் சொன்னான்.

"தப்பு என்னுதுதானுங்க்கா. கெளம்பும்போதே கட்டைல எண்ணெய் கையில ஒட்டுச்சு. மேல எங்கியோ கசிஞ்சிருக்கும்னு நெனச்சேன். மண்ணுல பெரட்டித் தொடச்சு வெக்கோணும்னு இருந்தேன், மறந்துட்டனுங்க. அண்ணன் உசுருக்கே ஒல வெச்சிருப்பேன்."

சரோஜா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சோடா வாங்கிவருகிறேன் என்று வெளியே வந்தேன். கடை வாசலிலேயே இருந்தது. மூன்றாவது தெருவரை நடந்து போய் வாங்கிவந்தேன்.

ஜனவரி 21

அட்டைகள் ஒன்பது முடிந்தன. கட்டைக்கு எழுதவில்லை.

ஜனவரி 22

வண்டி வந்துவிட்டது. பின்பக்கம் நசுங்கியிருக்கிறது. அவர் அந்தக் கட்டையைக் கொட்டகையில் வீசினார். எடுத்துப் பார்த்தேன். டயர் மேலுள்ள வெட்டுகள், டிரைவர்கள் பூக்கள் என்பார்கள், அப்படியே அதில் பதிந்திருக்கின்றன. தரையில் படுகிற பக்கம் நீளமாகத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. கறுப்புக்கு அடியில் வெள்ளையாக மாமரம் தெரிகிறது. அவர் சரியாகப் பார்த்திருந்தால் அந்த வெள்ளையே சொல்லியிருக்கும். அவர் பார்க்கவில்லை. ஆத்திரத்தில் இருக்கிறவர் கையில் இருப்பதைப் பார்ப்பதில்லை.

சித்திரைப் பேச்சு முடிந்துவிட்டது என்றார். கால் சரியானால் கூப்பிட்டுக் கணக்கை முடித்துவிடலாம், ஒரு கட்டையைப் பார்த்து வைக்கத் தெரியாதவன் கையில் வண்டியை எப்படிக் கொடுப்பது என்றார். நான் மோர் ஊற்றினேன்.

சங்கத்துக்குப் போனால் அங்கும் இதே பேச்சு. ஒரு டிரைவர் டீ கிளாஸை மேசை ஓரத்தில் வைக்க, பக்கத்திலிருந்தவர், "ஏம்ப்பா, மாரப்பன் கட்ட வெச்சாப்புல வெக்காத," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாளில் அவன் பெயர் இப்படி ஆகிவிட்டது. இந்த ஊரில் ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டால் பேரன் காலம்வரை போகாது. இனி எந்த வண்டியிலும் அவனை ஏற்றமாட்டார்கள்.

நாளைக்கு அவரிடம் சொல்லிவிடுவேன்.

ஜனவரி 23

சொல்லவில்லை. சங்கத்தில் விழா வேலை அதிகம்.

ஜனவரி 24

மாரப்பனுக்கு இரண்டு கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பிவிட்டது, நாளானால் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சேதி சொல்ல சரோஜா சங்கத்துக்கே வந்தாள். நான் ஹாரனுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல சேதி என்றேன். உண்மையிலேயே கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் கண்ணில் வரவில்லை.

நேராகக் கட்டையருகே போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் அவருகிட்டயும் சொல்லலீங்க்கா, அண்ணங்கிட்டயும் சொல்லல. நீங்களே சொல்லுவீங்கன்னு அஞ்சு நாளாப் பாக்கறேன். வெரலு போனாப் போவுது. அந்த மனுசன் ராவெல்லாம் தூங்காம, நாந்தான் மறந்துட்டேன் நாந்தான் மறந்துட்டேன்னு பொலம்பறாரு. அத எப்படீங்க்கா நான் கேட்டுட்டே உக்காந்திருக்கறது?"

சத்தம் போட்டுப் பேசவில்லை. அடுத்த அறையில் சென்னியப்பண்ணன் அழைப்பிதழ் எண்ணிக்கொண்டிருந்தார். நான் அவர் காதில் விழுமோ என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். அதையும் அவள் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

எனக்கு இவ்வளவு பயம் எதற்கு? வீட்டுக்காரர் அடிக்கிறவர் இல்லை. ஊர் என்னை ஒன்றும் செய்துவிடாது. முதல்முறையாக நாலு பேர் என்னை மதித்து வந்தார்கள், அது போய்விடும். அவ்வளவுதான். இரண்டு விரலுக்கும் ஒரு மனுஷன் பெயருக்கும் மேலாக அதை வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 25

காலையில் சங்கத்திலிருந்து கட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. கொட்டகையில் கிடந்ததையும் எடுத்துவந்து இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். சொன்னேன். கயிற்றால் அளந்தது, ஆசாரி, ஆயில் பூசியது, மூன்று தரம் பூசியது, எல்லாம்.

கத்துவார் என்று நினைத்தேன். பழைய கட்டையைப் புரட்டி ரம்பக் கீறல்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். மாங்கட்டையைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். நகத்தால் கீறி வெள்ளையைப் பார்த்தார். 

"ஆஸ்பத்திரில வெச்சு அவன நாக்கப் புடுங்கறாப்புல கேட்டேன். தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டான்." பிறகு, "நான் போய்ச் சொல்லமாட்டேன். நீதான் சொல்லோணும். நான் கூட வாறேன்," என்றார்.

போனோம். அவர் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மாரப்பன் எழுந்து உட்காரப் பார்த்தான், வேண்டாம் என்றேன். பஸ்ஸில் வார்த்தைகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அங்கே ஒன்றும் வரவில்லை. கட்டையை மாற்றியது நான், எண்ணெய் பூசியது நான் என்று இரண்டு வரியில் முடிந்துவிட்டது. சரோஜா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மாரப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். என்னைத் திட்டுவான், அழுவான், அல்லது போகட்டும் விடுங்கக்கா என்பான் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். போகட்டும் என்று அவன் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவனுக்கு வேண்டியது வேறாக இருந்தது.

"அப்ப நான் சரியாத்தான் வெச்சனுங்களா?"

"சரியாத்தான் வெச்ச மாரப்பா."

கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரத்திலிருந்து காதுவரை தண்ணீர் இறங்கியது. சரோஜா அதைத் துடைக்கவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டாள். வாசலில் நின்ற வீட்டுக்காரர் உள்ளே வந்து, சித்திரையில் இல்லாவிட்டால் ஆடியில், கால் ஊன்ற வந்ததும் வண்டி உன்னுது என்றார்.  தன் வீட்டுக்காரர் யோசித்துச் சொல்வார் என்று சரோஜா சொன்னாள்.

ஜனவரி 26

கண்காட்சி திறந்தாயிற்று. நல்ல கூட்டம். ஹாரனை எல்லோரும் ஊதிப் பார்த்ததில் பகல் முழுக்க ஒரே சத்தம். மைல் கல்லைக் கொடுத்த அம்மாள், தன் துவைக்கிற கல் மாலையோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

புளியங்கட்டை மேசையில் இல்லை. நேற்றே வண்டிக்குப் போய்விட்டது. கொக்கியில் அதை நானேதான் மாட்டினேன். மேசையில் அதன் இடத்தில், டயரின் பூக்கள் பதிந்த மாங்கட்டையை வைத்தேன். சென்னியப்பண்ணன் அட்டையைப் படித்துவிட்டு, விழா நாளில் இது எதற்கம்மா, எடுத்துவிடு என்றார். எடுக்கவில்லை. அட்டை இதுதான்:

"போலிக் கட்டை. மாமரம். ஆண்டு 1994. பார்வைக்குப் பழையதாகத் தெரியட்டும் என்று எண்ணெய் பூசியவர் கு. துளசிமணி. அதனால் திம்பம் மலையில் வழுக்கியது. இதைச் சக்கரத்துக்கு வைத்தவர் மாரப்பன். சரியாக வைத்தார்."

அன்றைக்கு டீ கிளாஸை வைத்துச் சிரித்தவர்களும் வந்தார்கள். படித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் சரோஜா வந்தாள். தறியிலிருந்து நேராக வந்திருந்தாள், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துக் கடைசிவரை படித்தாள். முடித்ததும் மறுபடி கடைசி இரண்டு வரிக்கே வந்தாள்.

"இது ரொம்பச் சின்னதா இருக்குதுங்க்கா," என்றாள். "வாசல்ல நிக்கறவங்களுக்குத் தெரியாது."

லாரிக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டர் வாசல் வரவேற்பு வளைவில் விட்டுப்போன எழுத்தை எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் பெரிய பிரஷ்ஷை வாங்கிவந்து, அந்த இரண்டு வரியை மட்டும் வேறொரு அட்டையில் எழுதினேன். அவள் வாசலுக்குப் போய் நின்று, தெரிகிறது என்று தலையாட்டினாள்.